காரைச் சுவரின் மேடுபள்ளம்

காரைக்குடி, கும்பகோணம், மயிலாப்பூர் முதலிய இடங்களில், சிமெண்ட் பரவலாவதற்கு முன் எழுப்பப்பட்டு இன்றும் மக்கள் குடியிருக்கும் வீடுகளின் சுவர்கள் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்டு, காரை எனப்படும் சுண்ணாம்புப் பூச்சால் மூடப்பட்டவை. இவற்றுள் முழுச் சமதளமான சுவரைக் காண்பது அரிது. ஓரிடம் வயிறு தள்ளியிருக்கும், ஓரிடம் உள்வாங்கியிருக்கும், தரையை ஒட்டிய பகுதி பொரிந்து உதிர்ந்துகொண்டிருக்கும். இத்தகைய சுவரை நேராக்க இன்று பரவலாகக் கையாளப்படும் வழி, பழைய காரையை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டு, சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, வண்ணம் அடிப்பதாகும். அவ்வாறு நேராக்கப்பட்ட சுவர் ஓரிரு ஆண்டுகள் கண்ணுக்கு நிறைவாக இருந்து, பின்னர் வண்ணம் கொப்புளித்து, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகப் பெயர்வது பல வீடுகளில் காணப்படுவதே. அதற்குக் கொத்தனாரின் கைவேலையைக் குறைகூறுவது வழக்கம் என்றாலும், பிழை பெரும்பாலும் பொருளின் தேர்வில்தான் இருக்கிறது.

பழைய சுவரின் மேடுபள்ளம் இரு வகைப்படும் என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். ஒன்று சுவர் கட்டப்பட்டபோதே அமைந்த கோணல். அது நூறு ஆண்டுகளாக அப்படியே இருந்திருக்கும், இனியும் இருக்கும். மற்றொன்று நீரும் உப்பும் அசைவும் காலப்போக்கில் உண்டாக்கிய வீக்கமும் அரிப்பும்; அது வளர்ந்துகொண்டே போகும். முன்னதைத் திருத்துவது பார்வைக்கான வேலை, பின்னதைத் திருத்துவது மருத்துவம். இரண்டையும் ஒரே சிமெண்ட் பூச்சால் மூடிவிடும்போது முன்னதற்குத் தேவையற்ற செலவும் பின்னதற்குப் புதிய கேடும் விளைகின்றன.

பார்வைக்கான வேலை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சுவரின் மேடு கண்ணுக்குத் தெரிவது அதன் உயரத்தால் அன்று, அது எறியும் நிழலால்தான். ஒளி சுவருக்கு நேர் எதிரிலிருந்து வந்தால் 5 மில்லிமீட்டர் மேடுகூடப் புலப்படுவதில்லை. சுவரை உரசியபடி 3 பாகைச் சாய்வில் வந்தால் 1 மில்லிமீட்டர் மேடு ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் நீள நிழலை எறிகிறது. முற்றத்தின் ஒளி எதிரிலிருந்து பரவலாக விழும்படி அமைந்த கூடத்தில் ஒருவரும் கவனியாத அலைவு, அதே சுவரின் மேல்விளிம்பை ஒட்டிக் குழல்விளக்கு பொருத்தப்பட்ட அன்று பூதாகரமாகத் தெரிவது இதனால்தான். பளபளப்பான வண்ணம் இக்குறையை மேலும் பெருக்கிக் காட்டும். ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கும் வெள்ளையடிப்பு அதை மறைக்கும். எனவே விளக்கை இடம் மாற்றுவதும் வண்ணத்தை மாற்றுவதும் சில சுவர்களுக்குப் போதுமான சீர்திருத்தமாக அமைந்துவிடுகின்றன என்பதைக் கரணையைக் கையில் எடுப்பதற்கு முன்பே எண்ணிப் பார்ப்பது நன்று.

கட்டியபோதே கோணல் அமைந்ததற்குக் கவனக்குறைவைக் காரணமாகச் சொல்ல முடியாது. கையால் அறுத்துக் காளவாயில் சுட்ட செங்கற்கள், களிமண்ணின் ஈரமும் சூட்டின் அளவும் இடத்துக்கு இடம் வேறுபட்டதால், ஒரே அளவில் அமையவில்லை. ஒன்றரை அடி, இரண்டடி கனமுள்ள சுவரில் அந்த வேறுபாட்டைத் தடித்த சாந்துப் படுகை ஈடுசெய்தது. எஞ்சியதைக் காரையின் கனம் ஈடுசெய்தது. பூச்சு ஓரிடத்தில் 10 மில்லிமீட்டரும் இன்னோரிடத்தில் 40 மில்லிமீட்டரும் இருப்பது இச்சுவர்களில் இயல்பு. தூக்குக்குண்டும் மட்டப்பலகையும் பயன்படுத்தப்பட்டன என்றாலும், அவை நிலைக்கும் தூணுக்கும் மூலைக்கும் காட்டிய கண்டிப்பைச் சுவரின் நடுப்பகுதிக்குக் காட்டவில்லை.

இப்பூச்சைத் திருத்த வேண்டுமானால் அது எப்படிக் கல்லாகிறது என்பதை அறிய வேண்டும். சுண்ணாம்புக்கல்லோ கிளிஞ்சலோ, இரண்டும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. காளவாயில் ஏறத்தாழ 900 பாகை செல்சியஸுக்குச் சூடேற்றும்போது அதிலிருந்து கரியமில வாயு வெளியேறி, கால்சியம் ஆக்ஸைடு என்னும் சுட்ட சுண்ணாம்பு எஞ்சுகிறது. தூய பொருளாயின் 100 கிலோவில் 44 கிலோ காற்றோடு போய், 56 கிலோ மிஞ்சும். இதில் நீர் சேர்த்தால் கொதித்துப் பொங்கி, 18 கிலோ நீரை உட்கொண்டு 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாகிறது. கட்டட வேலையில் இதனைத் தாளித்தல் என்பர். மணலோடு கலந்து சுவரில் பூசிய பின், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று, உட்கொண்ட 18 கிலோ நீரையும் வெளியேற்றி, அது மீண்டும் 100 கிலோ கால்சியம் கார்பனேட்டாகிறது. பூச்சு இறுகுதல் என்று சொல்லப்படுவது, காளவாயில் கலைந்த கல் காற்றிலிருந்து தன் இழப்பை மீட்டுக்கொள்ளும் வினையே.

இவ்வினைக்கு இரண்டு நிபந்தனைகள் உள்ளன, பழுதுபார்ப்பின் வெற்றி தோல்வி பெரும்பாலும் இவ்விரண்டில் அடங்கிவிடுகிறது. முதலாவது ஈரம். கரியமில வாயு நீரில் கரைந்தால்தான் சுண்ணாம்போடு வினைபுரியும் என்பதால் எலும்பாய்க் காய்ந்த பூச்சு இறுகுவதில்லை, விரலால் தேய்த்தால் பொடியாக வரும். மறுபுறம், நுண்துளைகள் முழுவதும் நீரால் நிரம்பியிருந்தாலும் வினை நின்றுவிடும்; ஏனெனில் கரியமில வாயு காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட நீரில் பரவும் வேகம் பத்தாயிரத்தில் ஒரு பங்கே. துளைகளின் சுவரில் நீர்ப்படலமும் நடுவில் காற்றும் இருக்கும் மிதமான ஈரமே உகந்தது. இரண்டாவது நிபந்தனை கனம். வாயு புறப்பரப்பிலிருந்து உள்நோக்கி ஊடுருவும் ஆழம், கழிந்த காலத்தின் வர்க்கமூலத்திற்கு ஏற்பவே வளர்கிறது. எனவே 1 சென்டிமீட்டர் கனம் இறுக ஆகும் காலத்தைப் போல நான்கு மடங்கு காலம் 2 சென்டிமீட்டருக்கும், பதினாறு மடங்கு 4 சென்டிமீட்டருக்கும் தேவைப்படும். பள்ளத்தை ஒரே மூச்சில் அப்பி நிரப்புகிறவர், மேலே ஓடு கட்டி உள்ளே ஈரக் கூழாக நிற்கும் ஒரு பாளத்தைத்தான் உண்டாக்குகிறார்.

சுண்ணாம்பு எல்லாம் ஒன்றல்ல என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது. கிளிஞ்சலைச் சுட்டுப் பெறுவது ஏறத்தாழத் தூயது, வெண்மை மிக்கது, காற்றால் மட்டுமே இறுகுவது. களிமண் கலந்த சுக்கான்கல்லைச் சுட்டுப் பெறும் சுண்ணாம்பில், களிமண்ணிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு சேர்ந்து நீரோடு வினைபுரியும் சேர்மங்களை உண்டாக்குவதால், அது காற்றுப் புகாத இடத்திலும் ஓரளவு இறுகும். இதனை நீரிறுகு சுண்ணாம்பு எனலாம். கலங்கரை விளக்கம் ஒன்றைக் கடலில் எழுப்ப வேண்டியிருந்த ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் 18ஆம் நூற்றாண்டின் இடையில் களிமண் கலப்பின் பயனைக் கண்டறிந்தார். பிரெஞ்சுப் பொறியாளர் லூயி விக்கா 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை முறைப்படுத்தினார். ஆனால் சுவர் கட்டவும் அடிப்பூச்சுக்கும் சுக்கான் சுண்ணாம்பு, மேல்பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு என்ற பகுப்பைத் தமிழகக் கொத்தர்கள் அனுபவத்தால் அறிந்து கையாண்டிருந்தனர். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 712 கட்டடச் சுண்ணாம்பை ஆறு வகையாகப் பிரித்து, சுக்கான் சுண்ணாம்புக்கெனத் தனி வகுப்பே ஒதுக்கியிருக்கிறது.

செட்டிநாட்டு வீடுகளின் பூச்சு இக்கலையின் உச்சம். மணலும் சுண்ணாம்பும் வட்டத் தொட்டியில் மாடு இழுக்கும் கல் உருளையால் அரைக்கப்பட்டு, கடுக்காய் ஊறவைத்த நீரும் பனைவெல்லமும் சேர்க்கப்பட்டு, கனமான அடிப்பூச்சிலிருந்து வெண்ணெய் போன்ற மேல்பூச்சு வரை படிப்படியாக மென்மை கூடும் பல அடுக்குகளாகப் பூசப்பட்டு, இறுதி அடுக்கு முட்டையின் வெள்ளைக்கரு கலந்து வழவழப்பான கூழாங்கல்லால் மணிக்கணக்கில் தேய்த்து மெருகேற்றப்பட்டது. சேர்பொருள்களுக்கு வேதியியல் காரணம் உண்டு. சுண்ணாம்பு தூய நீரில் லிட்டருக்கு 2 கிராமுக்கும் குறைவாகவே கரையும். சர்க்கரை கலந்த நீரில் அதைப்போலப் பல மடங்கு கரைவதால், வெல்லம் சுண்ணாம்பை மணல் துகள்களுக்கிடையே சீராகப் பரவச் செய்கிறது. கடுக்காயின் துவர்ப்புப் பொருளான டானின் கால்சியத்தோடு பிணைகிறது. வெள்ளைக்கருவின் புரதம் துளைகளைக் குறுக்கி நீரை ஓரளவு தடுக்கிறது. ஆயினும் வெள்ளைக்கரு பற்றிய வியப்புரைகள் பெருகிய அளவுக்கு, தாளித்த சுண்ணாம்பை வாரக்கணக்கில் நீரில் ஊறவைத்த பொறுமை பற்றிய பேச்சு பெருகவில்லை. ஊற ஊறச் சுண்ணாம்பின் படிகங்கள் சிறுத்துத் தட்டையாகின்றன, சாந்து வழுக்கிக்கொண்டு பரவுகிறது. தாளிக்கப்படாமல் தப்பிய துகள்களும் அதற்குள் நீறிவிடுகின்றன. அவ்வாறு நீறாத துகள் பூச்சுக்குள் போனால், பல மாதங்கள் கழித்து ஈரம் பட்டு விரிந்து, நடுவில் வெள்ளைப் புள்ளியுடைய சிறு குழியாகச் சுவரைப் பொரியச் செய்யும்.

இனி நீர். தரையிலுள்ள ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறுவதை ஓதம் ஏறுதல் என்பர். 1 மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஆரமுள்ள துளையில் நீரின் பரப்பு இழுவிசை அதனை ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்திற்குத் தூக்க வல்லது. அப்படியானால் எல்லாச் சுவர்களும் உச்சிவரை நனைந்திருக்க வேண்டும். பெரும்பாலான சுவர்களில் ஓதம் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவில் நின்றுவிடுவதற்குக் காரணம், ஏறும் நீர் வழியிலேயே சுவரின் இரு முகங்களிலிருந்தும் ஆவியாகிப் போவதுதான். கீழிருந்து நுழையும் நீரின் அளவும் பக்கங்களில் ஆவியாகும் நீரின் அளவும் சமமாகும் உயரமே ஓதத்தின் எல்லை. காரையின் துளைகள் ஒன்றோடொன்று தொடர்ந்திருப்பதால் நீராவி எளிதில் வெளியேறுகிறது. சிமெண்ட் பூச்சும் அதன் மேல் அடிக்கும் பிளாஸ்டிக் வண்ணமும் இவ்வழியை அடைத்துவிட, அடைபட்ட நீர் ஆவியாக இடம் தேடி மேலும் உயரத்திற்கு ஏறுகிறது. ஓதத்தைத் தடுக்க மூன்றடிக்குச் சிமெண்ட் பூசிய வீடுகளில், ஓரிரு மழைக்காலத்திற்குப் பின் நாலரை அடியில் கறை தோன்றுவது இதனால்தான். அதைக் கண்டு அந்த உயரத்துக்கும் சிமெண்ட் பூசுவோர் ஓதத்திற்கு ஏணி வைக்கின்றனர்.

நீர் தனியே வருவதில்லை, உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகிறது. அவ்விடம் பூச்சின் புறப்பரப்பாக இருந்தால் வெண்பொடியாகப் பூக்கும், துடைத்துவிடலாம். பூச்சுக்கு அடியில் இருந்தால் படிகம் வளரும் விசை பூச்சைச் செங்கல்லிலிருந்து பெயர்த்துத் தள்ளும். கடலோர வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் சாதாரண உப்பு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்குகிறது. ஆகையால் மழை பெய்யாத இரவிலும் சுவர் நனைந்தாற்போல் தோன்றும். அதனினும் கொடியது சோடியம் சல்ஃபேட். இதன் நீரற்ற வடிவம் பத்து மூலக்கூறு நீரை ஏற்றுப் படிகமாகும்போது அதன் கன அளவு நான்கு மடங்குக்கும் அதிகமாகிறது. கரைசலோடு தொட்டிருக்கும் நிலையில் இவ்விரு வடிவங்களும் இடம் மாறிக்கொள்ளும் வெப்பநிலை 32.4 பாகை செல்சியஸ். ஐரோப்பிய நூல்கள் இந்த எண்ணைப் போகிறபோக்கில் சொல்லிச் செல்லலாம். ஆண்டின் பல மாதங்களில் பகல் வெப்பம் இந்த எல்லைக்கு மேலும் இரவு வெப்பம் கீழும் நிற்கும் தமிழகத்தில் இது சுவரை ஒவ்வொரு நாளும் ஒருமுறை நெம்பும் எண்.

சிமெண்ட் இச்சுவர்களுக்கு ஒவ்வாததற்கு நீராவித் தடையோடு வேறு காரணங்களும் உள்ளன. 1824இல் இங்கிலாந்தில் ஜோசஃப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லண்டு சிமெண்ட், 1914இல் போர்பந்தரில் உற்பத்தி தொடங்கிய பின் இந்தியாவில் படிப்படியாகப் பரவியது. விரைவாகவும் வலுவாகவும் இறுகும் அதன் குணம் புதிய கட்டடங்களுக்கு வரமாக அமைந்தது. பழைய சுவரில் அந்த வலிமையே கேடாகிறது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர், அடித்தளத்தின் மெல்லிய அசைவுகளையும் வெயிலின் விரிவையும் பல்லாயிரம் மயிரிழை நெகிழ்வுகளாகப் பகிர்ந்து தாங்கிக்கொள்கிறது. நுண்விரிசல் விழுந்தாலும் அதில் இறங்கும் நீர் சுண்ணாம்பைக் கரைத்து, மீண்டும் கார்பனேட்டாகப் படியவைத்து ஓரளவு தானே அடைத்துக்கொள்கிறது. விறைப்பு மிக்க சிமெண்ட் பூச்சு அவ்வாறு நெகிழாது. செங்கல் ஒரு பாகைக்கு நீளத்தில் பத்து லட்சத்தில் 5 முதல் 7 பங்கு விரியும்போது சிமெண்ட் சாந்து 10 முதல் 12 பங்கு விரிகிறது. 5 மீட்டர் நீளச் சுவரில் 20 பாகை ஏற்ற இறக்கத்திற்கு இந்த வேறுபாடு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். சிறிய அளவுதான் எனினும், ஒட்டியிருக்கும் இரு பரப்புகளுக்கிடையே அது நாள்தோறும் உராயும் அளவு. இறுதியில் இரண்டில் மெலிந்தது விட்டுக்கொடுக்கிறது. பெயரும் சிமெண்ட் பாளத்தின் முதுகில் செங்கல்லின் முகமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. மேலும் சிமெண்டிலுள்ள கரையும் காரங்கள் சுவருக்குப் புதிய உப்புகளை வழங்குகின்றன. பழைய செங்கல்லில் சல்ஃபேட் இருந்தால், சிமெண்டின் அலுமினேட்டோடு அது வினைபுரிந்து எட்ரிங்கைட் என்னும் நீர்மிகு படிகமாகிப் பூச்சை உள்ளிருந்தே ஊதச் செய்கிறது.

ஆகவே பழுதுபார்ப்பின் அடிப்படை விதி, மேலே வரும் பொருள் கீழே இருக்கும் பொருளைவிட மெலிந்ததாகவும், நீராவிக்கு மேலும் எளிதில் வழிவிடுவதாகவும் இருக்க வேண்டும் என்பதே. கேடு வந்தால் அது பூச்சுக்கு வர வேண்டும், சுவருக்கு வரக்கூடாது.

நோயறிதல் காதிலிருந்து தொடங்குகிறது. சுத்தியலின் கைப்பிடியாலோ விரல் கணுவாலோ சுவரைச் சாண் சாணாகத் தட்டிச் சென்றால், ஒட்டியிருக்கும் பூச்சு கெட்டியான ஒலியும் விட்டுப்போன பூச்சு பொள்ளலான ஒலியும் தரும். பொள்ளல் பகுதியின் எல்லையைச் சுண்ணக்கட்டியால் வரைந்துகொள்ளலாம். அடுத்து, மூலைக்கு மூலை நூல் பிடித்து, இரண்டு மீட்டர் மட்டப்பலகையை நெடுக்கிலும் குறுக்கிலும் வைத்து இடைவெளியை அளந்தால் மேடுபள்ளத்தின் வரைபடம் கிடைக்கும். வயிறு தள்ளிய இடத்தில் முக்கியமான கேள்வி, தள்ளியது பூச்சா சுவரா என்பது. உள்முகம் புடைத்திருக்கும் இடத்திலேயே வெளிமுகம் குழிந்திருந்தால் நகர்ந்தது சுவர். அது கூரையின் உந்துதலாலோ அடித்தளத்தின் இறக்கத்தாலோ நேர்ந்திருக்கும். விரிசல் இன்னும் விரிகிறதா என்பதை அறிய அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் ஒட்டி, நாளைக் குறித்து வைப்பது பழைய முறை. சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். அது உடைந்த வீட்டில் பூச்சு வேலையை நிறுத்திவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரை அழைப்பதே முறை.

மருத்துவத்தில் நீரின் வாயை அடைப்பது முதல் வேலை. உடைந்த ஓடு, ஒழுகும் மழைநீர்க் குழாய், சுவரோரத் தொட்டி ஆகியவை எளிதில் கண்டுபிடிக்கப்படும். கண்டுபிடிக்கப்பட்டும் எளிதில் திருத்த முடியாதது தெரு. சென்னை உள்ளிட்ட நகரங்களில் பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் சாலை போடப்பட்டதால், படியேறிச் செல்லும்படி கட்டப்பட்ட வீடுகள் பலவற்றின் தரை இன்று தெருமட்டத்திற்குத் தாழ்ந்து கிடக்கிறது. மழைநீர் சுவரின் அடியில் தேங்குகிறது. இத்தகைய வீடுகளில் வெளிச்சுவரை ஒட்டிச் சிறு வடிகால் பள்ளம் தோண்டிச் சரளை நிரப்புவதும், சுவரை ஒட்டிப் போட்ட சிமெண்ட் தளத்தை ஓரடி அகலத்திற்காவது பெயர்த்து மண் காய வழிசெய்வதும், எந்தப் பூச்சையும்விட அதிகப் பலன் தரும்.

நீர் வரத்துக் குறைந்த பின் சுவர் காயக் காயப் பழைய உப்பு வெளியே வரும். அதை உலர்ந்த தூரிகையால் தட்டிச் சேகரித்து அப்புறப்படுத்த வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பிவிடும். உப்பு மிகுந்த இடத்தில் காகிதக் கூழையோ களிமண்ணையோ ஈரப் பற்றாகப் போட்டு, அது காயும்போது உப்பையும் இழுத்துக்கொள்ளச் செய்து, காய்ந்த பற்றை உரித்தெறிவது பழங்கட்டடப் பாதுகாப்புப் பணியாளர்கள் கையாளும் முறை. இதற்கெல்லாம் சில வாரங்களோ ஒரு கோடைக்காலமோ ஆகும். ஒப்பந்த வேலையின் கால அட்டவணைக்கு இது பொருந்துவதில்லை என்பதால்தான் பெரும்பாலும் இந்தப் படி கைவிடப்படுகிறது, பின்னர் அதே செலவு இருமுறை செய்யப்படுகிறது.

பொள்ளலாக ஒலித்தாலும் உறுதியாக நிற்கும் பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டிய தேவை இல்லை; மெருகேற்றிய செட்டிநாட்டுப் பூச்சாயின் எடுக்கவே கூடாது. சிறு துளையிட்டு, உள்ளே தூசியை ஊதி நீக்கி, நீர் பாய்ச்சி நனைத்து, நன்கு சலித்த சுண்ணாம்புக் கரைசலைக் கீழிருந்து மேலாகச் செலுத்தி, இறுகும்வரை பலகையால் முட்டுக்கொடுத்து வைத்தால் இடைவெளி நிரம்பிப் பூச்சு மீண்டும் பற்றிக்கொள்ளும். உதிர்ந்துகொண்டிருக்கும் பகுதியை மட்டும், கெட்டியான பூச்சு தொடங்கும் விளிம்புவரை எடுத்து, செங்கல் இடுக்குகளில் பொடிந்த சாந்தை விரல் கணு ஆழத்திற்குச் சுரண்டி நீக்க வேண்டும். முன்பே பூசப்பட்ட சிமெண்டையும் இவ்வாறே மதிப்பிடலாம்: தட்டும்போது பொள்ளலாக ஒலிப்பதை எடுத்துவிடலாம், செங்கல்லைக் கவ்விப் பிடித்திருப்பதை வலிந்து கொத்தினால் செங்கல்லின் சுட்ட முகமே உடைந்து மென்மையான உட்பகுதி வெளிப்படும் என்பதால், ஓதம் இல்லாத உயரத்தில் அதனை விட்டுவைப்பதே குறைந்த தீங்கு.

பள்ளத்தை நிரப்பும் சாந்தில் ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல் சேர்ப்பது வழக்கம். பல அளவுத் துகள்கள் கலந்த மணலின் இடைவெளி ஏறத்தாழ அதன் கன அளவில் மூன்றில் ஒரு பங்கு. அந்த இடைவெளியை நிரப்பும் அளவே சுண்ணாம்பு வேண்டும். மிகுந்தால் காயும்போது சுருங்கி வெடிக்கும், குறைந்தால் மணல் உதிரும். ஓதம் தட்டும் அடிப்பகுதிக்கு நீரிறுகு சுண்ணாம்போ, நன்கு சுட்ட செங்கல்லை இடித்த சுர்க்கிப் பொடியோ சேர்ந்த சாந்து ஏற்றது. சுர்க்கியிலுள்ள சிலிக்கா சுண்ணாம்போடு மெல்ல வினைபுரிந்து காற்றில்லாமலும் இறுக உதவுகிறது. சுண்ணாம்பு கடுமையான காரப்பொருள், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. வேலையிடத்தில் கண்ணாடியும் கையுறையும் வேண்டும் என்பது சித்தாள்களின் கைகளைப் பார்த்தவர்க்குத் தெரியும்.

பூசுவதற்கு முந்தைய நாள் மாலையிலும் அன்று காலையிலும் சுவரை நனைக்க வேண்டும். உலர்ந்த செங்கல் சாந்தின் நீரை நொடியில் உறிஞ்சிவிடும், நீரை இழந்த சாந்து பற்றாது. ஆனால் சொட்டச் சொட்ட நனைந்த சுவரில் துளைகளே நிரம்பியிருப்பதால் அதிலும் பற்றாது. ஆழமான பள்ளத்தை முதலிலும் சாதாரணப் பரப்பைப் பின்னரும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு அடுக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மிகாமல், ஒன்று இறுகிய பின்பே அடுத்தது என்ற முறையில் செல்ல வேண்டும். 40 மில்லிமீட்டர் பள்ளம் என்றால் நான்கு அடுக்கு, நடுவில் பல நாள் காத்திருப்பு. அடுத்த அடுக்குப் பிடிக்க ஈரப்பரப்பில் கீறலிட்டு வைப்பர். பூச்சு விரல் பதியாத, நகம் பதியும் பதத்திற்கு வந்ததும் மரத்தாலான மணியாசுக் கட்டையால் அழுத்தித் தேய்த்தால் சுருங்கும்போது தோன்றிய மயிரிழை வெடிப்புகள் மூடிக்கொள்ளும். கரணையின் இரும்பால் முன்கூட்டியே வழவழப்பாக்கினால் சுண்ணாம்புக் கூழ் மேலே திரண்டு வந்து, உள்ளே வாயு புகாதபடி தோலாக மூடிவிடும். பிறகு நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, நனைந்தும் காய்ந்தும் மாறி மாறி வரும்படி பல நாள் காக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெயில் ஏறாத தை, மாசி மாதங்கள் இவ்வேலைக்குப் பொருத்தமானவை. அக்கினி நட்சத்திரத்தில் பூசிய காரை இறுகுவதற்கு முன்பே காய்ந்துவிடும்.

எவ்வளவு நேராக்குவது என்பது அறிவியலைவிட மதிப்பீட்டைச் சார்ந்தது. நூல் பிடித்துப் புள்ளி வைத்து முழுச் சுவரையும் ஒரே தளத்திற்குக் கொண்டுவர முயன்றால், பள்ளமான இடத்தில் பூச்சு 60, 70 மில்லிமீட்டர் கனத்தை எட்டித் தன் எடையாலேயே தொங்கும். நிலையும் சன்னலும் பூச்சுக்குள் புதைந்து, அவற்றின் செதுக்கு வேலைப்பாடு பாதி மறையும். சுவரின் நீண்ட அலைவை அப்படியே விட்டு, கையகலக் குழிகளையும் கூர்மையான மேடுகளையும் மட்டும் நீக்கினால், பூச்சின் கனமும் குறையும், கண்ணுக்கும் சுவர் சீராகத் தோன்றும். அலமாரியோ சமையலறை ஓடோ பொருத்த நேர்தளம் கட்டாயம் தேவைப்படும் இடத்தில், சுவரைத் தொடாமல் அதற்கு முன் மரச்சட்டம் அடித்து, பின்னால் காற்றோட இடைவெளி விடுவது சுவருக்கும் பொருத்தும் பொருளுக்கும் நல்லது. ஜிப்சம் பூச்சு விரைவாக நேராகும் என்றாலும், நீரில் சிறிதளவு கரையக்கூடியதாகையால் ஓதமுள்ள கீழ்ச்சுவருக்கு உதவாது. வெள்ளைச் சிமெண்ட் பட்டி, மெல்லியதானாலும், சிமெண்டின் குறைகளைச் சிறிய அளவில் கொண்டதே.

மேல்முடிப்பாகச் சுண்ணாம்பு வெள்ளையடிப்பே இச்சுவருக்கு இயல்பானது. அதுவும் காற்றால் கார்பனேட்டாகிப் பூச்சோடு ஒன்றாகிவிடுவதால் தனித் தோலாக உரிவதில்லை. இதில் வழக்கமாக நேரும் பிழைக்குக் காரணம் ஒளியியல். ஈரமாக இருக்கும்போது சுண்ணாம்புத் துகள்களுக்கிடையே நீர் நிற்கிறது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, சுண்ணாம்பினுடையது ஏறத்தாழ 1.57 என இரண்டும் நெருங்கியிருப்பதால் ஒளி அதிகம் சிதறாமல் ஊடுருவி, அடித்த இடத்திலும் பழைய சுவர் தெரிகிறது. காய்ந்து, நீரின் இடத்தில் ஒளிவிலகல் எண் 1 ஆகிய காற்று புகுந்ததும் சிதறல் பெருகி வெண்மை எழுகிறது. ஈரத்தில் சுவர் தெரிகிறதே என்று கெட்டியாகக் கரைத்து ஒரே முறையில் அடித்தால் காய்ந்த பின் பொருக்காக எழும்பும். பால் பதத்தில் கரைத்து, ஒவ்வொரு முறையும் சுவரை இலேசாக நனைத்து, ஒரு நாள் இடைவெளியில் நான்கைந்து முறை அடிக்க வேண்டும்.